எஞ்சின் லைட் எரிகிறது, ஐடிலிங்கில் கார் நடுங்குகிறது: திருகோணமலைக் கார்க்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அநுராதபுரச் சந்தியில் வாகனங்களுக்குப் பின்னால் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. இரண்டு நாள் கழித்து டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் லைட் எரிகிறது. நம் ஊரில் பெற்றோல் கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கடந்து வந்திருப்பார்கள். இதற்காகத் தேவையில்லாத சாமான்களை வாங்கிப் போட்டவர்களும் நிறையப் பேர். நம்மிடம் அதிகம் ஓடுவது ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த கார்களும் இந்தியாவில் செய்த சின்னக் கார்களும்தான். கீழே உள்ள பதில்கள் அவற்றை மனதில் வைத்து எழுதியவை.

எஞ்சின் லைட் எரிந்ததும் காரை நிறுத்திவிட வேண்டுமா?

லைட்டின் நிறத்தையும் அது எரியும் விதத்தையும் பாருங்கள். மஞ்சளாக, அசையாமல் எரிந்தால் கார் ஓடும். வேகத்தைக் குறைத்து வீட்டுக்கோ கராஜுக்கோ போகலாம், ஓரிரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். சிவப்பு ஒயில் லைட்டும் சூட்டைக் காட்டும் சிவப்பு லைட்டும் வேறு விஷயம். அவை எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

பயப்பட வேண்டியது மஞ்சள் லைட் மினுங்கும்போது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம். அந்தப் பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் நுண்துளைப் பீங்கான் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். பெற்றோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கையும் அந்தப் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை அதைவிடப் பல மடங்கு செலவாக மாறுவது இப்படித்தான். லைட் மினுங்கினால் அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஏசியை நிறுத்தி, ஓரமாக ஒதுங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் காட்டுக்குள் வரும்போது இது நடந்தால் அங்கே இறங்கி பொனெட்டைத் திறக்காதீர்கள். அது யானை நடமாடும் பாதை. மெதுவாக, ரேஸ் பண்ணாமல் ஓட்டி, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்து நிறுத்துங்கள். கொன்வேர்ட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நடுக்கம் இயல்பு?

சூடான எஞ்சின், ஏசி இல்லாமல், நியூட்ரலில் பெரும்பாலும் 650 முதல் 800 ஆர்பிஎம் வரை நிற்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1200, 1500 வரை ஏறி மெல்ல இறங்குவது கோளாறு கிடையாது. ஏசி கொம்பிரசர் பிடிக்கும் நொடியில் லேசாக ஒரு தடுமாற்றம் வருவதும் இயல்புதான். மூன்று சிலிண்டர் கார்கள், அதாவது ஆல்ட்டோ, வேகன் ஆர், ஒரு லீற்றர் விட்ஸ் போன்றவை, நான்கு சிலிண்டர் கார்களைவிடக் கொஞ்சம் அதிர்ந்துதான் நிற்கும். பக்கத்து வீட்டு அக்ஸியோவோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் டி கியரில் பிரேக்கைப் பிடித்திருக்கும்போது கார் முழுக்க அதிர்கிறது, நியூட்ரலுக்கு மாற்றியதும் குறைகிறது என்றால் எஞ்சின் மவுண்ட் ரப்பரை முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலிலும் ஒயில் கசிவிலும் அந்த ரப்பர் வெடித்துத் தொய்ந்துவிடும். பொனெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு டி, ஆர் என்று மாற்றிப் பார்த்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சாய்வது தெரியும். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

முள்ளே தடுமாறினால், சீரில்லாமல் இடையிடையே ஒரு 'டுப்' என்ற விக்கல் வந்தால், அது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை. அதற்குத்தான் மீதிப் பதில்கள்.

கோட் எப்படிப் பார்ப்பது? கராஜுக்குத்தான் போக வேண்டுமா?

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஓபிடி சொக்கற் ஒன்று இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் அடாப்டர் ஒன்றும் போனில் ஒரு அப்பும் போதும். சாவியை 'ஒன்' நிலையில் வைத்து இணைத்தால் கோட், அதாவது எஞ்சின் கணினி பதிந்து வைத்த கோளாறு எண், தெரியும். பழைய ஜப்பான் கார்கள் சிலவற்றில் சொக்கற் இருந்தாலும் மலிவான அடாப்டர் பேசாது. அவற்றுக்கு அந்தக் கம்பனிக்கென்று உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

கோட்டை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதோடு 'ஃபிரீஸ் ஃபிரேம்' என்று ஒரு பதிவு இருக்கும். லைட் எரிந்த நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது வந்த கோளாறா, ஏற்றத்தில் வந்ததா, காலைக் குளிர் எஞ்சினில் வந்ததா என்பது பாதி நோயைச் சொல்லிவிடும். எதையும் அழிப்பதற்கு முன்பு திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் தான் உணர்ந்த குறையைத்தான் கோட்டாகச் சொல்கிறது. எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒட்சிசன் சென்சரின் பெயரோடு கோட் வந்தால் சென்சர் பழுதென்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல தடவை சென்சர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும். எங்கோ காற்றுக் கசிகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்ததுதான் அது செய்தது.

பி0301 என்று வந்திருக்கிறது. பிளக் போய்விட்டதா?

முதலாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்பது அதன் பொருள். பி0302 இரண்டாம் சிலிண்டர், இப்படியே போகும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறிமாறி வருகிறது. காரணம் பிளக்காக இருக்கலாம், கொயிலாக இருக்கலாம், பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டராக இருக்கலாம், கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், குறைவாகவும் இருக்கலாம். எது என்று ஒரு ரூபாய் செலவில்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டு.

இப்போதைய கார்களில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். எஞ்சின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, முதலாம் கொயிலைக் கழற்றி இரண்டாவதின் இடத்திலும், இரண்டாவதை முதலாவதின் இடத்திலும் போடுங்கள். பெரும்பாலும் ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட்தான். வயரின் கிளிப் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும், இழுத்து உடைத்துவிடாதீர்கள். அமுக்கிப் பிடித்து மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். பிறகு கோட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு கொயிலோடு இடம் மாறியிருக்கிறது, கொயில்தான் குற்றவாளி. பி0301 அப்படியே நின்றால் கொயிலை விட்டுவிட்டுப் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் அடுத்தது இன்ஜெக்டரும் கொம்பிரஷனும். அந்தக் கட்டத்தில் கராஜ் பாஸிடம் போவது நல்லது.

கொம்பிரஷன் பார்க்கும்போது ஒரு சிலிண்டரின் அளவை மட்டும் கேட்காமல் எல்லாவற்றின் அளவையும் எழுதி வாங்குங்கள். மற்றவை ஒன்றுக்கொன்று கிட்ட இருந்து, ஒன்று மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் வால்வோ ரிங்கோ ஹெட் கஸ்கற்றோ பார்க்க வேண்டிவரும். குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கற். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சின்னச் சோதனையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. கரியாகக் கறுத்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெள்ளைவெளேர் என்று இருந்தால் காற்றுக் கூடுதல் அல்லது அதிகச் சூடு. ஒயில் பிசுபிசுப்பு முனையில் இருந்தால் சிலிண்டருக்குள் ஒயில் வருகிறது. முனை சுத்தமாக இருந்து, பிளக் உட்காரும் குழிக்குள் மட்டும் ஒயில் தேங்கியிருந்தால் மேல் மூடியின் கஸ்கற்றும் குழாய் சீல்களும் போய்விட்டன. அது சின்னச் செலவுதான், ஆனால் அதை மாற்றாமல் புதுக் கொயில் போட்டால் அதுவும் ஒயிலில் ஊறிக் கெடும்.

சர்வீஸ் ஸ்டேஷனில் எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாள் மிஸ்ஸிங் தொடங்கினால் வேறெங்கும் தேடாதீர்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கும். காற்றடித்துக் காய வைத்தால் பல தடவை அதோடு சரியாகிவிடும்.

புதிய பிளக் போடும்போது கையால் நூல் (திருகுப் புரி) பிடித்துச் சுற்றுங்கள், கடைசியில்தான் ஸ்பனர். ஹெட் அலுமினியம், நூல் பிய்ந்தால் வேலை பெருக்கும். இரிடியம் பிளக் 1 லட்சம் கிலோமீற்றர் வரை தாங்கும் என்பார்கள், அது நல்ல அசல் பிளக்குக்கு. சந்தையில் போலிகள் நிறைய உண்டு. கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தாலும் சரி, ஊரில் வாங்கினாலும் சரி, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் வாங்காமல் விடுங்கள்.

கோட் எதுவுமே இல்லை. ஆனால் ஐடிலிங்கில் மட்டும் நடுங்குகிறது, சில நேரம் நின்றே விடுகிறது.

முதல் சந்தேகம் துரொட்டில் பொடி, அதாவது எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியைத் திறந்து மூடும் தட்டு உள்ள பாகம். அக்ஸிலேற்றரை மிதிக்காதபோது எஞ்சினுக்குக் காற்றுப் போவது தட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள மயிரிழை இடைவெளி வழியாகத்தான். அங்கே கரி படிந்தால் மூச்சு அடைக்கும். வேகமாக ஓடும்போது தட்டு திறந்துவிடுவதால் எதுவும் தெரியாது. அதனால்தான் ஹபரணை வரை அருமையாக ஓடிய கார் கோயில் வாசலில் நின்று துடிக்கிறது.

சுத்தம் செய்வதற்கென்று ஸ்பிரே கிடைக்கும். துணியில் விட்டுத் துடையுங்கள், நேராகப் பீய்ச்சினால் மோட்டருக்குள்ளும் சென்சருக்குள்ளும் போகும். மின்சாரத்தில் இயங்கும் தட்டைச் சாவி 'ஒன்'னில் இருக்கும்போது விரலால் தள்ளவே கூடாது. பற்றரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டுச் செய்வது பாதுகாப்பு.

சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் 1000க்கு மேல் ஏறி நிற்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கரியிருந்த காலத்தில் தட்டைக் கொஞ்சம் அதிகம் திறக்க எஞ்சின் கணினி பழகியிருக்கிறது, இப்போது புதிதாகப் பழக வேண்டும். பல டொயோட்டாக்கள் கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டு, ஓட்டிக்கொடுத்தாலே பழகிவிடும். நிசான் கார்களில் பெரும்பாலும் அதற்கென்று ஒரு முறையைச் செய்துதான் பழக்க வேண்டும், ஸ்கேனர் உள்ளவரிடம் கொடுங்கள்.

துரொட்டில் சுத்தமாக இருந்தால் எயார் பில்டர், அப்புறம் எஞ்சினின் மேல் மூடியிலிருந்து இன்டேக்குக்கு (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் பாதை) ஆவியை விடும் பிசிவி வால்வு. கழற்றி ஆட்டினால் உள்ளே 'டக் டக்' என்று அசைய வேண்டும். அசையாவிட்டால் அடைத்துவிட்டது.

பி0171, கலவை மெலிவு என்கிறது. எங்கே தொடங்குவது?

இது அடிக்கடி வரும் கோட், அடிக்கடி தவறாக வைத்தியம் பார்க்கப்படும் கோட்டும் இதுதான். பெற்றோலோடு சேரும் காற்றுக் கூடிவிட்டது, அல்லது வர வேண்டிய பெற்றோல் வரவில்லை. எது என்று அப்பில் உள்ள 'ஃபியூவல் டிரிம்' எண்களே சொல்லிவிடும். கணினி எவ்வளவு வீதம் பெற்றோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதே அந்த எண். குறுங்கால, நீண்டகால எண்கள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நல்ல எஞ்சினில் கூட்டுத்தொகை பத்து வீதத்துக்கு உள்ளே நிற்கும்.

எஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் பாருங்கள். கூட்டல் 20, 25 என்று நிற்கிறதா? இப்போது 2500 ஆர்பிஎம் வரை மெல்ல ரேஸ் பண்ணிப் பிடியுங்கள். எண் இறங்கிச் சுழியத்துக்குக் கிட்ட வந்தால் இன்டேக் பக்கத்தில் காற்றுக் கசிகிறது. எஞ்சின் கொஞ்சமாக மூச்சு விடும்போது அந்தக் கசிவு பெரிதாகத் தெரிகிறது, நிறைய இழுக்கும்போது கணக்கில் வருவதில்லை. மாறாக ஐடிலிங்கில் பரவாயில்லை, ரேஸிலும் ஏற்றத்திலும் எண் ஏறுகிறது என்றால் பெற்றோல் பம்ப், பில்டர், அல்லது காற்றை அளக்கும் மாஃப் சென்சரில் படிந்த தூசு. அந்தச் சென்சருக்கென்றே உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். உள்ளே உள்ள கம்பி தலைமயிரை விட மெல்லியது, துணியோ பஞ்சோ படக் கூடாது.

கசிவைத் தேடக் கண்ணும் காதும் போதும். இன்டேக்கில் இருந்து போகும் சின்ன ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் நிற்கும் காரில் ரப்பர் வறண்டு, வளைத்தால் வாய் திறக்கும். எயார் பில்டருக்கும் துரொட்டிலுக்கும் இடையில் உள்ள மடிப்புக் குழாயின் அடிப்பக்கம் பார்வைக்குத் தெரியாமல் கிழிந்திருக்கும். சிலர் எஞ்சின் ஓடும்போது பெற்றோலையோ காபுரேற்றர் கிளீனரையோ தெளித்துப் பார்க்கிறார்கள். சூடான மானிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது நெருப்பு வேலை, செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். கசியும் இடத்தில் உறிஞ்சும் சத்தம் மாறும், எஞ்சின் ஒரு கணம் வேறு மாதிரி ஓடும். மின்சாரக் கனெக்டர்களைத் தவிர்த்துத் தெளிக்க வேண்டும்.

மாஃப் சென்சர் இல்லாமல் இன்டேக் அழுத்தத்தைப் பார்த்து ஓடும் சின்னக் கார்களில் இதே கசிவு வேறு விதமாகத் தெரியும். கோட் வராமல் ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கும், அல்லது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நிலாவெளியில் கடலோரம் வீடு. உப்புக் காற்றால் இப்படி வருமா?

வரும். நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு என்று கரையோரத்தில் நிற்கும் கார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது எர்த் வயரைத்தான். பற்றரியிலிருந்து காரின் பொடிக்கும், அந்தப் பொடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த வயர்கள் அவை. முனையில் பச்சையாகப் பூத்திருந்தால், போல்ட்டுக்குக் கீழே துரு இருந்தால், சென்சர்கள் சொல்லும் அளவே பிசகிவிடும். அப்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கோட்கள் சேர்ந்து வரும். நான்கு சென்சர்கள் ஒரே நாளில் பழுதாவது அபூர்வம், எர்த் ஒன்று பழுதாவது நாளாந்தம் நடப்பது.

மல்டிமீற்றர் இருந்தால் சோதிப்பது சுலபம். டீசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் கறுப்புக் கம்பத்திலும் மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் பிடியுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் அடிக்கட்டும். அந்த நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, உரசி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.

தம்பலகாமம், கிண்ணியா வயல் பக்கத்து வீடுகளில் உப்புக்குப் பதிலாக எலி. சில வாரம் ஓட்டாமல் நிறுத்திய கார் திடீரென்று நடுங்கினால் எயார் பில்டர் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இன்ஜெக்டர் வயர்களை விரலால் தடவிப் பாருங்கள்.

பெற்றோல் அடித்த பிறகுதான் இப்படி ஆனது. ஒக்டேன் 95 அடித்தால் சரியாகுமா?

அடித்துச் சில கிலோமீற்றருக்குள் தொடங்கியிருந்தால் பெற்றோலைச் சந்தேகிப்பது நியாயம். வாடைக்காற்று மழைக்காலத்தில் தண்ணீர் கலப்பதற்கு வாய்ப்பு அதிகம். அடித்த நேரம், இடம், ரசீது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து வைத்தால் தண்ணீர் கீழே பிரிந்து நிற்பது தெரியும். தண்ணீர் இருந்தால் தாங்கியை இறக்கிச் சுத்தம் செய்வதே வழி, மேலே புதுப் பெற்றோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

92க்கு வடிவமைத்த எஞ்சினில் 95 ஊற்றுவதால் மிஸ்ஸிங் போகாது. ஒக்டேன் என்பது எஞ்சினில் 'நொக்கிங்' வராமல் தடுக்கும் தன்மை மட்டும்தான், சுத்தத்தின் அளவு கிடையாது. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு கானில் பெற்றோல் சேமித்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் தங்கிவிட்டது. பெற்றோல் சில மாதங்களில் தன் தன்மையை இழக்கும், கானின் அழுக்கும் சேரும். அதை இன்ஜெக்டர் உள்ள காருக்கு ஊற்ற வேண்டாம்.

வெப்ப நாடுதானே, தேமோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுப்பது தேமோஸ்டாட். அது இல்லாத எஞ்சின் ஓட்டத்தில் வேலைச் சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பும் கணினி பெற்றோலைக் கூட்டியே கொடுக்கும். பிளக் கறுக்கும், ஐடிலிங் கெடும், பெற்றோல் செலவு ஏறும், பி0128 என்ற கோட் வரும். கார் சூடேறினால் ரேடியேற்றர், பேன், தண்ணீர்க் கசிவு இவற்றில்தான் காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் தேமோஸ்டாட்டை எறிவது நோயை மறைக்கும் வேலை.

பற்றரியைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடுகிறதே?

அணையும், கோளாறு இருந்தால் திரும்ப வரும். இடையில் நீங்கள் இழப்பது ஃபிரீஸ் ஃபிரேம் பதிவையும், கணினி பழகி வைத்திருந்த அளவுகளையும். திருத்திய பிறகு ஸ்கேனரால் அழிப்பது சரியான முறை. அழிக்காமலே விட்டாலும் பல கார்களில் சில நல்ல ஓட்டங்களுக்குப் பின் தானாக அணையும்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்கள் கை மாறிக் கை மாறி ஓடுகின்றன. வாங்கப் போகிறவர் சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஒரு முறைகூட எரியவில்லை என்றால் யாரோ அந்தப் பல்பை எடுத்திருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். அடாப்டரைச் செருகி, கணினியின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பகுதியையும் பாருங்கள். எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டினால் கோட்டை இப்போதுதான் அழித்திருக்கிறார்கள். விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

பி0420, கொன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட், வந்திருக்கிறது. கொன்வேர்ட்டரை வெட்டி உள்ளே காலி செய்து தருகிறேன் என்கிறார்கள்.

வேண்டாம். கொன்வேர்ட்டருக்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. காலி செய்பவருக்கு அது இலாபம். உங்களுக்கு மிஞ்சுவது சத்தம், நாற்றம், அணையாத லைட். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனையிலும் மாட்டுவீர்கள். பி0420 வந்தால் முதலில் மிஸ்ஸிங் இருக்கிறதா, ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் கசிகிறதா என்று பாருங்கள். இரண்டையும் திருத்திய பிறகும் கோட் வந்தால்தான் கொன்வேர்ட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களுக்கும் இதே வழிதானா?

பிளக், கொயில், துரொட்டில் எல்லாம் அதேதான். ஆனால் காலையில் எஞ்சின் முதல் தடவை பிடிக்கும்போது தடதடவென்று ஆடி, பிறகு சரியாகிறது, ரேடியேற்றர் தண்ணீரும் மெல்லக் குறைகிறது என்றால் ஹெட் கஸ்கற்றை நினைக்க வேண்டும். 2009க்குப் பின் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வழி கரியால் அடைபடுவதும் இதனோடு சேர்ந்து பேசப்படும் கோளாறு. தள்ளிப்போட்டால் எஞ்சின் போகும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள், அவை உயர் வோல்ட்.

கராஜில் என்ன கேட்க வேண்டும்?

"எஞ்சின் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். குளிரிலா சூட்டிலா, ஏசி போட்டாலா, டி கியரிலா, மழைக்குப் பிறகா, எப்போதிருந்து என்று சொல்லுங்கள். நல்ல பாஸ் ஒருவருக்கு அதுவே பாதி வேலை. கோட்டின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாமான் மாற்றுவதற்கு முன், "இதுதான் என்று எப்படித் தெரிந்தது?" என்று மரியாதையோடு கேளுங்கள். சோதித்துப் பார்த்தவர் பதில் வைத்திருப்பார். கழற்றிய பழைய சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சோதித்துக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கும் கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள். பத்து சாமானை மாற்றுகிறவரை விட, ஒரு மணி நேரம் சோதித்து ஒரு ஹோஸை மாற்றுகிறவர்தான் உங்கள் காசைக் காப்பாற்றுகிறார்.

திருத்தியாகிவிட்டது. உண்மையில் சரியாகிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

கோட்டை அழித்துவிட்டு காரை ஒரு இரவு ஆற விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், அதில் பாதி நேரம் ஏசியோடு. பிறகு நகரத்துக்குள் நின்று நின்று கொஞ்சம், அப்புறம் நிலாவெளி வீதியிலோ கந்தளாய் வீதியிலோ ஒரே வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். இடையில் அக்ஸிலேற்றரை முழுதாக விட்டு, பிரேக் பிடிக்காமல் தானாக வேகம் குறைய ஒரு தடவை விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைச் செருகி, 'பென்டிங்' என்ற பட்டியலைப் பாருங்கள். லைட்டை எரிய வைக்க இன்னும் போதாத, ஆனால் கணினி ஒரு முறை கவனித்துவிட்ட கோளாறுகள் அங்கேதான் இருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருந்து, ஃபியூவல் டிரிம் கூட்டுத்தொகையும் பத்து வீதத்துக்குள் நின்றால் வேலை சரி. அதே கோட் அங்கே வந்திருந்தால் லைட் எரியும் வரை காத்திருக்காமல் படம் எடுத்துக்கொண்டு அன்றே பாஸிடம் காட்டுங்கள்.